ஓமஹா கரையில் இறங்கியவர்கள் சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

6 ஜூன் 2024, ஒரு வாசகர் கேட்டது

இன்று நார்மண்டித் தரையிறக்கத்தின் 80ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் கரைகளில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள்; அமெரிக்கர்கள் இறங்கிய ஓமஹா அந்தக் கரைகளில் ஒன்று. நூறு வயதுப் பெரியவர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு சந்தேகம். ஒருவர் தண்ணீர் இடுப்பளவு என்கிறார், அதே படகில் வந்தவர் கழுத்துக்கு மேல் என்கிறார். ஐம்பது அறுபது வருஷம் கழித்துச் சொன்ன கதைகள், நடுவில் எத்தனை சினிமா பார்த்திருப்பார்கள்! வரலாறு தெரிய ராணுவ ஆவணங்கள் போதாதா? இந்த நினைவுகளை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்?

6 ஜூன் 2024, இரவு

இடுப்பளவும் சரி, கழுத்தளவும் சரி. ஓமஹாவின் மணல் சமதளம் கிடையாது. மணல் திட்டும் பள்ளமும் கரைக்கு இணையாக மாறி மாறி ஓடும். படகு திட்டில் தட்டி நிற்கும், முன்கதவு விழும். இடப்பக்கம் இறங்கியவனுக்கு முழங்கால் தண்ணீர், இரண்டு எட்டு முன்னால் போனவனுக்கு ஆள் மூழ்கும் பள்ளம். ஒரே படகில் வந்த முப்பது பேருக்கும் ஒரே கடல் வாய்க்கவில்லை.

நான் பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம். எங்கள் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். நார்மண்டியில் அது 6 மீட்டருக்கும் மேல். கடல் வற்றின நேரத்தில் கரை எவ்வளவு அகலமாகிவிடும் என்பது நேரில் பார்க்காதவர்களுக்குப் புரியாது. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மானியர் மணலில் நட்டு வைத்த கட்டைகளும் இரும்புத் தடுப்புகளும் கண்ணிவெடிகளும் அப்போதுதான் வெளியே தெரியும். அதற்குக் கொடுத்த விலை, மறைவே இல்லாத அத்தனை தூரத்தையும் சிப்பாய் நடந்து கடக்க வேண்டியிருந்தது.

2014இல் நான் அங்கே போனபோது தண்ணீர் விளிம்பிலிருந்து கூழாங்கல் மேடுவரை எண்ணிக்கொண்டே நடந்தேன். 412 எட்டு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, காலணி முழுக்க நனைந்துவிட்டது. முதுகில் வெறும் சிறு பை, யாரும் சுடவில்லை. அதற்கே மூச்சு வாங்கியது.

7 ஜூன் 2024

நேற்று எழுதியது பாதி. நான் கேட்ட ஒலிப்பதிவுகள், படித்த வாக்குமூலங்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது குண்டும் ரத்தமும் இல்லை, வாந்தி. அமெரிக்கன், இங்கிலாந்துக்காரன், கனடாக்காரன், யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஜூன் 5 என்று குறித்திருந்த நாள் புயலால் ஒரு நாள் தள்ளிப்போனது. அதற்குள் பலரும் கப்பல் ஏறியிருந்தார்கள். ஒரு இரவும் ஒரு பகலும் கப்பலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு அமெரிக்கப் பகுதியில் கரைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் முன்னாலேயே சிறு படகுகளில் இறக்கிவிட்டார்கள். ஹிக்கின்ஸ் படகு 36 அடி நீளம், பெரும்பகுதி ஒட்டுப்பலகை, 36 பேர் வரை நிற்கலாம். நிற்கத்தான் முடியும். அலை உள்ளே அடிக்க அடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீரை இறைத்தார்கள். அதே தலைக்கவசத்தில்தான் வாந்தியும். விஷவாயுவுக்காக மருந்து ஏற்றிய உடுப்பு, நனைந்தால் பலகைபோல விறைக்கும். துப்பாக்கியை பிளாஸ்டிக் உறையில் கட்டியிருந்தார்கள். முதுகிலும் இடுப்பிலும் தொங்கிய சாமான் முப்பது கிலோ, சிலருக்கு அதற்கும் மேல். இரண்டு மணி, மூன்று மணி நேரம் இப்படி.

கரையில் இறங்கினால் போதும், சுட்டாலும் பரவாயில்லை, இந்தப் படகை விட்டு வெளியே போனால் சரி என்று நினைத்ததாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடலில் குமட்டல் கண்டவனுக்கு அது எந்த மாதிரி மனநிலை என்று தெரியும். மாமாவோடு முதன்முதலாக விசைப்படகில் போனபோது எனக்கு ஒன்பது வயதா பத்து வயதா என்று சொல்ல முடியாது. டீசல் நெடி மட்டும் இப்போதும் மூக்கில் நிற்கிறது. உயிரைப் பற்றிய பயமே போய்விடும், அவ்வளவு குமட்டும்.

7 ஜூன் 2024, சற்று பிறகு

எல்லாரும் ஓமஹாவில்தான் இறங்கினார்களா என்று கேட்டிருந்தார்கள். தரையிறங்கியது ஓமஹாவில் மட்டும் இல்லை. யூட்டா, ஓமஹா, கோல்ட், ஜூனோ, ஸ்வார்ட் என்று ஐந்து கரைகள். வானிலிருந்து குதித்தவர்களையும் சேர்த்து அன்று மட்டும் சுமார் 1,56,000 பேர். எனக்கு ஓமஹாவைப் பற்றித்தான் ஓரளவு தெரியும், அதனால் அதையே பேசுகிறேன்.

10 ஜூன் 2024

இப்போது நான் எனக்கு எதிராகவே பேச வேண்டும்.

ஹைன்ரிக் செவர்லோ. அன்று இருபது வயது ஜெர்மன் சிப்பாய். ஓமஹாவின் கிழக்குப் பகுதியில் மேட்டின் மேல் இருந்த 62ஆம் எண் காவல் அரணில் இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர். காலையிலிருந்து பிற்பகல் வரை பன்னிரண்டாயிரம் குண்டுகளுக்கு மேல் சுட்டதாகச் சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தான் ஒருவனே வீழ்த்தியதாகக் கடைசிக் காலத்தில் பேசினார். ஆனால் ஓமஹாவின் எட்டு கிலோமீட்டர் நீளத்திலும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாரும் சேர்ந்தே சுமார் 2,400 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற அரண்களும் பீரங்கிகளும் மார்ட்டர்களும் சும்மா இருக்கவில்லை. அப்படியென்றால் அவர் சொன்ன எண் எப்படிச் சரியாகும்?

ஆகவே வாசகர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எண்ணை நினைவிடம் கேட்கக் கூடாது.

ஆனால் செவர்லோ பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலிருந்து பார்த்த இருபது வயதுப் பையனுக்கு முன்னால் விழுந்தவர்கள் எல்லாருமே தன் குண்டில்தான் விழுந்தார்கள் என்று பட்டிருக்கலாம். அதை அவர் பெருமையாகத் தூக்கிச் சுமக்கவில்லை, வாழ்நாள் முழுக்க அதனால் தூக்கம் கெட்டவர். அன்று அந்தக் கரையில் மூன்று குண்டு பட்டுப் பிழைத்த டேவிட் சில்வா என்ற அமெரிக்கரைத் தேடிப் பிடித்தார். சில்வா பிறகு பாதிரியார் ஆகியிருந்தார். இருவரும் சந்தித்து நண்பர்கள் ஆனார்கள். எண் தவறு. அந்தச் சந்திப்பு நடந்தது உண்மை.

என் தாத்தா பர்மாவில் ராணுவ லாரி ஓட்டியவர். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்போம், எத்தனை பேரைச் சுட்டீர்கள் தாத்தா என்று. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அட்டைக்கடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். கேள்வி தப்பு என்று இப்போதுதான் புரிகிறது.

14 ஜூன் 2024

ஆவணங்கள் போதாதா என்ற கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

வேவர்லி வுட்சன் என்று ஒரு கறுப்பின மருத்துவ உதவியாளர். 320ஆம் தடுப்பு பலூன் படைப்பிரிவு. எதிரி விமானம் தாழப் பறக்காதபடி கரைக்கு மேல் பலூன்களைக் கம்பியில் கட்டிப் பறக்கவிடுவதுதான் அந்தப் பிரிவின் வேலை. கரை சேருமுன்பே குண்டுச் சிதறல் அவர் உடம்பில் பாய்ந்துவிட்டது. அந்தக் காயத்தோடு முப்பது மணி நேரம் ஓமஹாவில் மற்றவர்களுக்குச் சிகிச்சை செய்தார், சுமார் இருநூறு பேருக்கு. குண்டை எடுத்தார், கட்டுப் போட்டார், ஒருவருடைய பாதத்தை வெட்டி எடுக்கவும் வேண்டியிருந்தது.

அவருக்கு உரிய விருது ஏன் கிடைக்கவில்லை என்று குடும்பம் பல ஆண்டுகள் போராடியது. ஆவணம் இல்லை என்பதே பதில். 1973இல் செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பணியாளர் ஆவணக் கிடங்கு தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. காகிதத்தை மட்டும் நம்பினால் வுட்சன் அங்கே வெறும் பெயர்தான். 2005இல் அவர் இறந்துவிட்டார். அவருக்கு உயரிய சேவைச் சிலுவை அறிவித்தது இந்த மாதத் தொடக்கத்தில்தான், அதாவது எண்பதாவது ஆண்டுவிழாவுக்கு மூன்று நாள் முன்பு.

ஆவணங்கள் தீயில் மட்டும் போவதில்லை, பூட்டியும் வைப்பார்கள். 1944 ஏப்ரல் 28, யூட்டாவில் இறங்கப் போகிறவர்களுக்கு இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒத்திகை நடந்தது. இருட்டில் ஜெர்மானிய விரைவுப் படகுகள் புகுந்து டார்பிடோ விட்டன. இறந்தவர்கள் 749 என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண். யூட்டாவில் தரையிறங்கிய நாளில் இறந்தவர்களைவிட ஒத்திகையில் இறந்தவர்கள் அதிகம். பிழைத்தவர்களை வாய் திறக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள், பலரும் பல்லாண்டுகள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

15 ஜூன் 2024

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த ஒத்திகையில் செத்தவர்களில் பலர் மிதவைப் பட்டையைத் தப்பாகக் கட்டியதால் செத்தார்கள். அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டியதை இடுப்பில் கட்டினார்கள், ஏனென்றால் மேலே பை இருந்தது. காற்று ஏறினதும் பட்டை இடுப்பைத் தூக்கியது, பையின் கனம் தலையைக் கீழே அழுத்தியது. விடிந்தபோது தண்ணீருக்கு மேலே கால்கள் தெரிந்ததாகப் பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். இதை ஒரு அறிக்கையில் ‘மூழ்கி இறப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எங்கள் ஊரில் ஆழிப்பேரலை வந்த வருஷம் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அந்த ஒரே வரி போதாது.

22 ஜூன் 2024

இந்தியர்கள் யாராவது அங்கே இருந்தார்களா என்று கேட்டவருக்கு: நார்மண்டிக் கரையில் இந்தியப் படைப்பிரிவு எதுவும் இறங்கவில்லை. ஆனால் ஜெர்மானியர் அட்லாண்டிக் கரை நெடுகக் கட்டிய அதே அரணின் தென்பகுதியில், போர்தோவுக்குப் பக்கத்தில் லாக்கனோ என்ற இடத்தில், ஜெர்மானியச் சீருடையில் இந்தியர்கள் இருந்தார்கள். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய படை. 1944 பிப்ரவரியில் ஜெர்மன் தளபதி ரோம்மெல் வந்து அவர்களைப் பார்வையிட்டுப் போனார். ஆகஸ்டில் பின்வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

நார்மண்டி அரண்களிலேயே ஜெர்மானியர் மட்டும் இல்லை. ஜார்ஜியர், துருக்கெஸ்தானியர் என்று கிழக்கிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய நினைவை யார் போய்க் கேட்டார்கள்? ஊர் திரும்பியவர்கள் வாய் திறந்தால் துரோகி என்று பட்டம். அந்தப் பக்கத்தில் காகிதமும் இல்லை, குரலும் இல்லை.

23 ஜூன் 2024

எல்லாம் கனமாகவே போகிறது என்கிறார்கள். சரி.

ஸ்வார்ட் கரையில் பில் மில்லின் என்ற இருபத்தொரு வயதுப் பையன் ஸ்காட்லாந்துப் பாவாடையும் பைக்குழலுமாக இறங்கினார். போர்முனையில் குழல் வாசிக்கக் கூடாது என்று விதி. அதைச் சொன்னபோது அவர் தளபதி லோவாட் பிரபு, அது இங்கிலாந்துக்காரர்களின் அலுவலகம் போட்ட விதி, நீயும் நானும் ஸ்காட்லாந்துக்காரர்கள், நமக்குப் பொருந்தாது என்றாராம். தண்ணீரில் குதித்ததும் பாவாடை சுற்றிலும் விரிந்து மிதந்தது, குளிர் வயிற்றில் ஏறியது. மில்லின் சொன்னதில் எனக்குப் பிடித்தது அதுதான். குண்டுகளுக்கு நடுவே கரையில் மேலும் கீழும் நடந்து வாசித்தார். ஏன் அவரைச் சுடவில்லை என்று பிடிபட்ட ஜெர்மானியர்களிடம் கேட்டபோது, பாவம், பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தோம் என்றார்களாம்.

ஜூனோவில் கனடாப் பீரங்கிப் படை அதிகாரியாக இறங்கியவர் ஜேம்ஸ் டூஹன். பகல் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. இரவில் பதற்றமான சொந்தக் காவலாளியே ஆறு குண்டு சுட்டுவிட்டான். மார்பில் பட்டதைச் சட்டைப்பையில் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டி தடுத்தது, அண்ணன் கொடுத்த பெட்டி. ஒரு விரல் போனது. பிற்காலத்தில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் விண்வெளிக் கப்பல் எஞ்சினியர் ஸ்காட்டியாக நடித்தவர் இவர்தான். அந்தக் கையைக் காமிராவுக்கு முடிந்தவரை காட்டாமலே நடித்தார்.

3 ஜூலை 2024

புகைப்படம் பொய் சொல்லாதே என்று ஒருவர். போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமஹாவில் அவர் எடுத்ததில் பத்துப் பதினோரு படங்கள்தான் மிஞ்சின, கலங்கிப்போன படங்கள். லண்டன் இருட்டறையில் அவசரத்தில் அதிகச் சூடு காட்டியதால் மீதிச் சுருள்கள் உருகிவிட்டன என்று பல பத்தாண்டுகள் சொல்லி வந்தார்கள். நானும் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி உருக வாய்ப்பில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அன்று படப் பிரிவைப் பார்த்துக்கொண்டவரே முதிய வயதில், மற்ற சுருள்களில் படமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

படங்கள் உண்மை. படங்களைச் சுற்றி வளர்ந்த கதைதான் சரியில்லை. கையில் படம் இருந்தும் இப்படி என்றால், வெறும் நினைவை மட்டும் வைத்திருந்த கிழவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

17 ஜூலை 2024

இன்றைய தேதிக்காக எழுதுகிறேன். 1944இல் இதே ஜூலை 17 காலையில் வர்ஜீனியாவின் பெட்ஃபோர்டு என்ற சிற்றூரில், ஒரு மருந்துக்கடைக்குள் இருந்த தந்தி இயந்திரத்தின் முன்னால் 21 வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். காலை வணக்கம் சொல்லித் தட்டினாள். பதிலுக்கு இறப்புச் செய்திகள் வரிசையாக வந்தன, நிற்கவே இல்லை. மூவாயிரம் பேர் வாழ்ந்த ஊர். ஓமஹாவின் மேற்குக் கோடியில், வியர்வில் ஊருக்குப் போகும் பள்ளத்தாக்குக்கு நேராக, முதல் அலையில் இறங்கிய 116ஆம் படைப்பிரிவின் ‘ஏ’ கம்பெனியில் அந்த ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். இருபது பேரளவில் அன்றே போய்விட்டார்கள். நாற்பது நாள் ஊருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கம்பெனியில் ராய், ரே என்று ஸ்டீவன்ஸ் வீட்டு இரட்டையர்கள். வெவ்வேறு படகு. பிரியும்போது ரே கை நீட்டினான். இப்போது வேண்டாம், வியர்வில் நாற்சந்தியில் பார்க்கும்போது கொடுக்கிறேன் என்று ராய் மறுத்துவிட்டான். ராயின் படகு கரைக்கு முன்னாலேயே மூழ்கியது. அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கி இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். நாலைந்து நாள் கழித்து நார்மண்டி வந்தவன் தற்காலிகக் கல்லறைகளில் தேடினான். ஒரு சிலுவையில் தொங்கிய அடையாளத் தகட்டில் மண் ஒட்டியிருந்தது. மண்ணைத் தட்டிப் பார்த்தால் ரேயின் பெயர்.

18 ஜூலை 2024

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், இது கதைபோல அச்சில் வார்த்தது மாதிரி இருக்கிறதே என்கிறார். இரவெல்லாம் அதையே யோசித்தேன்.

நினைவு கதையை மெருகேற்றும் என்பது உண்மை. ஆனால் யாருக்குச் சாதகமாக ஏற்றும்? தனக்குச் சாதகமாகத்தானே. ராய் அறுபது வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்தார். அந்தக் கையைப் பிடித்ததாக மாற்றிச் சொல்லியிருக்கலாம், சாட்சி யாரும் இல்லை. மாற்றவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கை கொடுக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இது போதும்.

9 செப்டம்பர் 2024

இந்த இழையில் ஊர் மக்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று என் மனைவி சொன்னாள். உண்மைதான். அந்தக் கோடையில் நார்மண்டியில் இறந்த பொதுமக்கள் இருபதாயிரம் பேர் அளவில், பெரும்பாலும் நேச நாட்டு விமானக் குண்டுகளால். கான் நகரம் தரைமட்டமானது. விடுதலைக்கு நன்றி என்று சொன்ன அதே வீட்டில் குழந்தையையும் புதைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசத் தொடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. நன்றிகெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

இன்னொருவர், லியோன் கோத்தியே. ஸ்வார்ட் கரையில் இறங்கிய 177 பிரெஞ்சு கமாண்டோக்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர், 2023 ஜூலையில் நூறு வயதில் காலமானார். தான் சண்டை போட்டுக் கைப்பற்றிய ஊரிலேயே முதுமையில் குடியிருந்தார். அதே ஊரில் யோஹானஸ் பெர்னர் என்ற முன்னாள் ஜெர்மன் பாராசூட் வீரர் உணவகம் நடத்தினார். இரண்டு பேரும் நெருங்கிய நண்பர்கள். எதிரெதிராக நின்ற இரண்டு பேருடைய நினைவும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. அங்கே யார் சொன்ன எண் சரி என்று அவர்கள் சண்டை போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

11 மே 2025

முதல் குறிப்பில் ஒரு தவறு, திருத்த வேண்டும்.

போன வாரம் மகளோடு மறுபடி ஓமஹா போயிருந்தேன். பாரிஸிலிருந்து ரயிலில் பாயூ, அங்கிருந்து பேருந்து. கிளம்புமுன் 2014ஆம் வருஷப் படங்களைத் தேடி எடுத்தேன். தூறல் என்று எழுதியிருந்தேன் அல்லவா? படத்தில் வானம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு மேகம் இல்லை. என் நிழல் மணலில் நீளமாக விழுந்திருக்கிறது. குறிப்பேட்டைப் பார்த்தால் 412 இல்லை, 297 எட்டு என்று என் கையெழுத்தில் இருக்கிறது. 2014இல் ரயிலில் போகும்போது சிப்பாய்களின் வாக்குமூலங்களைப் படித்துக்கொண்டே போனேன், அந்தக் காலையின் மேகமும் அலைத்திவலையும் என் நடைக்குள் கலந்துவிட்டிருக்க வேண்டும். பத்தே வருஷத்தில்.

ஆனால் கடைசிப் படத்தில் பேருந்து நிறுத்தத்துப் பலகை மேல் என் காலுறைகள் இரண்டும் காய்ந்துகொண்டிருக்கின்றன. கால் நனைந்தது நிஜம்.

இந்தத் தடவை எண்ணும் வேலையை மகளிடம் கொடுத்தேன். கடல் வற்றித் திரும்ப ஏறத் தொடங்கிய நேரம். கூழாங்கல் மேட்டை எட்டியதும் எத்தனை எட்டு என்று கேட்டேன். எண்ணவில்லையாம். தண்ணீர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது அப்பா, அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்றாள்.